கரையோரப் பாடசாலைகளை மூட வேண்டாம்
மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை மூடுவதா, இணைப்பதா என்ற பேச்சு கல்விச் சீர்திருத்தத்தோடு சேர்ந்து எழுந்துள்ளது. புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்பதே எமது உறுதியான நிலைப்பாடு. கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை, மீனவக் குடும்பங்கள் பருவம் பார்த்து வாடி (தற்காலிக மீன்பிடிக் குடில்) மாறும் ஊர்களில், ஒரு நாள் இடாப்பை வைத்துப் பாடசாலையின் தேவையை அளக்க முடியாது. இக்கரையில் கல்வி எத்தகைய இடரிலும் கைவிடப்படவில்லை என்பதற்கு வரலாறும் சான்று: 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இக்கரையில் ஒதுங்கியபோது, அவர்களோடு அகதிகளாக வந்த ஆசிரியர்கள் கட்டடம் எழும்வரை காத்திருக்கவில்லை. கிடுகுக் கொட்டில்களிலும், உள்ளூர்ப் பாடசாலைகள் விட்டுக்கொடுத்த மாலைப் பொழுதுகளிலும் கற்பித்தார்கள். சொந்த வீட்டை இழந்தவர்கள் செய்த பணி அது. இம்மாவட்டம் அதை மறக்கலாகாது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா 1945 இல் நடைமுறைப்படுத்திய இலவசக் கல்வி, பிள்ளை நடந்து போகும் தூரத்தில் பாடசாலை இருந்தால்தான் ஏழைக்குப் பயன்படும். எனவே மூடும் யோசனையை இக்கரையோரத்துக்கு முற்றாகக் கைவிட வேண்டும். அத்துடன், வடமேல் மாகாணக் கல்வித் திணைக்களம் தமிழ்மொழி மூலக் கணித, விஞ்ஞான ஆசிரியர்களை இங்கு நியமித்து, தங்குமிடமும் வழங்க வேண்டும். பதிலுக்கு ஒருவர் கடமையேற்கும்வரை இங்குள்ள ஆசிரியர் எவருக்கும் இடமாற்றம் கொடுக்கக் கூடாது.