மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்குங்க

“வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. பொருளைக் கொடுக்க இயலவில்லை.” போன மாதம் எனக்கு வந்த குறுஞ்செய்தி இது. வந்த நேரம் பகல் 11.40. அப்போது நான் தவளக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆய்வேட்டின் ஓர் இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு வண்டிகூட வரவில்லை. மறுநாளும் அதே செய்தி. மூன்றாம் நாள் ஒரு தம்பி போன் செய்தார். “அண்ணா, காலனிக்குள்ள லொகேஷன் காட்ட மாட்டேங்குது. மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்குங்க.” போய் வாங்கினேன். இரண்டு புத்தகங்கள். பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, மழையில் நனைந்து, உள்ளே பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே ஓடிபி சொல்லியாகிவிட்டது. ஓடிபி சொன்னால் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக அர்த்தமாம்.

இது எல்லோருக்கும் நடப்பதுதானே, இதிலும் சாதியா என்று கேட்பவர்கள் வருவார்கள். நனைந்த பெட்டி எல்லோருக்கும் வரும், ஒப்புக்கொள்கிறேன். மெயின் ரோடு எல்லோருக்கும் வராது. ஊர்த் தெருவில் இருக்கும் என் நண்பருக்கு அதே நிறுவனம் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறது. அவர் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறது. அவருக்கும் எனக்கும் அஞ்சல் குறியீடு ஒன்றுதான்.

1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டுக்கு ஊரும் தெரியாது, சேரியும் தெரியாது. அதற்கு மேலே நாம் எழுதும் வரிகளுக்கு இரண்டும் தெரியும். ஊர்ப் பக்கம் தெருவுக்குச் சாமி பெயரோ தலைவர் பெயரோ இருக்கிறது, கதவில் எண் இருக்கிறது. எங்கள் பக்கம் நாலைந்து தெருவுக்கும் சேர்த்து ஒரே சொல்: காலனி. எண்கள் பட்டா கொடுத்த வரிசையில் இருக்கின்றன. 14-க்கு அடுத்த வீடு 37. அடையாளம் கேட்கும் கட்டத்தில் ‘அம்பேத்கர் சிலை அருகில்’ என்று எழுதுகிறோம். ஒரு செருப்பு வாங்குவதற்குக்கூடச் சாதிச் சான்றிதழை இணைத்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் அது கடலூர் சாலையில் முள்ளோடைக்கு அந்தப் பக்கம்தான் செல்லும். இந்தப் பக்கம் என் ரேஷன் அட்டையில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது.

இங்கிருந்துதான் கணினி தன் வேலையைத் தொடங்குகிறது. பார்சல் நிறுவனங்கள் ஒவ்வொரு முகவரியையும் எடைபோடும் மென்பொருள் வைத்திருக்கின்றன. எந்தப் பகுதியிலிருந்து சரக்கு அதிகம் திரும்பி வருகிறது, எந்த முகவரி ‘தெளிவாக’ இல்லை என்று பார்த்து, அங்கே பொருள் வந்தபின் பணம் கட்டும் வசதியை நிறுத்திவிடுவார்கள். எங்கள் தெருவுக்குள் வராமலே ‘ஆள் இல்லை’ என்று அடித்து அனுப்பிய பெட்டிகளும் அந்தக் கணக்கில்தான் சேரும். வராதது அவர்கள், கெட்ட பெயர் எங்களுக்கு.

அமெரிக்காவில் இது நடந்து அம்பலமானது. 2016 ஏப்ரலில் புளூம்பெர்க் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் நகரின் சுற்றுப்புறமெல்லாம் கிடைத்த அமேசானின் அன்றைக்கே டெலிவரி, நடுவில் இருந்த ராக்ஸ்பரிக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தது. ராக்ஸ்பரி கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதி. நாங்கள் இனம் பார்த்து முடிவெடுப்பதில்லை என்றது அமேசான். உண்மையாகவே இருக்கலாம். நிறவெறி ஏற்கெனவே வரைந்து வைத்த வரைபடத்தின் மேல் கணக்குப் போட்டால், கணக்குப் போடுபவர் தனியாக வெறியராக இருக்கத் தேவையில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் ராக்ஸ்பரிக்கும் அந்தச் சேவை வந்தது. அங்கே கேள்வி கேட்க ஒரு வரைபடமாவது இருந்தது.

போன் செய்த அந்தத் தம்பியைத் திட்டி எழுதுவது சுலபம். நான் பேசிப் பார்த்தேன். கொடுத்த பெட்டிக்குத்தான் காசு, திரும்பிப் போகும் பெட்டிக்கு இல்லை, பெட்ரோல் அவர் பையிலிருந்து. “காலனி பார்சலை எல்லாம் ரோட்ல நின்னு மொத்தமா குடுத்துட்டு வந்துருன்னு ஹப்ல சொல்லிட்டாங்கண்ணா.” லொகேஷன் காட்டாமல் இல்லை. 2025-இல் அஞ்சல் துறை அறிமுகப்படுத்திய டிஜிபின், நாட்டையே நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு தருகிறது. என் வாசல் ஒரு கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கும். ரோட்டில் நின்றுவிடச் சொல்லும் அந்த ஹப்பை எந்தக் கட்டத்தில் அடக்குவது?

எங்கள் தெருவிலும் பார்சல் போடும் பையன்கள் இருக்கிறார்கள். என் சித்தப்பா மகன் ஒருவன். ஊர்த் தெருவில் பெட்டியை நீட்டினால், “எந்த ஊருப்பா?” என்பார்கள். சொன்னால், “ஊர்ல எந்தப் பக்கம்?” அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று தமிழ் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். அவன் “ஹைவே பக்கங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவான். 2022 ஜூனில் லக்னோவில், தலித் என்று தெரிந்ததும் உணவை வாங்க மறுத்துத் தாக்கினார்கள் என்று ஒரு டெலிவரி ஊழியர் போலீசில் புகார் கொடுத்தார். 2024 மார்ச்சில் சொமேட்டோ ‘சுத்த சைவ’க்காரர்களுக்கென்று தனிப் படையும் பச்சைச் சட்டையும் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் சட்டையின் நிறத்தைத்தான் மாற்றிக்கொண்டது. தனிப் படை நின்றது. தீட்டுக்கு ஆப் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம் என்று ஏற்கவைத்தார். நூறு வருடம் கழித்து, நம் தெருவுக்குள் ஒரு பெட்டி நடந்து வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

‘ஆள் இல்லை’ என்று செய்தி வந்தால் அதை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த பெட்டியைப் பிரிக்கும் முன் படம் எடுங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரை நிறுவனத்தின் பேரில் கொடுங்கள், தம்பியின் பேரில் வேண்டாம். சேதத்துக்கான பணத்தை அவர் கூலியில் பிடிக்கக் கூடாது என்றும் அதிலேயே எழுதுங்கள். நான் எழுதியிருக்கிறேன். கூடவே அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஒரு மனு: எங்கள் தெருக்களுக்குத் தனித்தனிப் பெயர், வரிசையாகக் கதவு எண், முனையில் பலகை. பெயர்களை நாங்களே எழுதி இணைத்துவிட்டோம்.