குறி நம்ம பிள்ளையோடது. தோட்டா ஏன் ஐரோப்பாவிலிருந்து வரணும்?



திருத்தணி மலையின் 365 படி ஏறினவங்களுக்குத் தெரியும். சூரனை வென்ற பிறகு முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் இது. அதனாலதான் மற்ற முருகன் கோயில்களில் நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே நடப்பதில்லை. அந்த மலையடிவாரத்தில் இருந்துகொண்டு இன்னைக்குத் தோட்டாவைப் பற்றிப் பேசப்போறோம். பதறாதீங்க. துப்பாக்கிக் கலாசாரம் இந்த மண்ணுக்கு வேண்டவே வேண்டாம். நாம பேசுவது விளையாட்டு. கோபம் தணிஞ்ச மனசு இருந்தால் மட்டுமே கைகூடும் விளையாட்டு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கினதை ஊரே கொண்டாடினோம். அதே மனு, 25 மீட்டர் பிஸ்டலில் நூலிழையில் நாலாவது இடத்துக்குப் போனார். இந்த இரண்டு போட்டிக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரியாது. ஏர் பிஸ்டலுக்கு 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு போதும், டப்பா டப்பாவாகக் கிடைக்கும். 25 மீட்டருக்கு வேண்டியது நிஜத் தோட்டா. பாயின்ட் 22 எல்.ஆர். என்று சொல்வாங்க. தட்டுப்பாடு வந்தால் முதல் அடி விழுவது இங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. தகுதிச் சுற்றில் மட்டும் 60 குண்டு. அதுக்குத் தயாராகும் பிள்ளை நாளைக்கு 100 குண்டு, மாதம் 25 நாள் சுடுதுன்னு வைங்க. மாதம் 2,500 தோட்டா. ஐம்பது அடங்கிய பெட்டி என்றால் 50 பெட்டி. ஒரு தோட்டாவுக்கு ஒரே ஒரு ரூபாய் விலை ஏறினாலே மாதம் 2,500 ரூபாய், வருஷத்துக்கு 30,000 ரூபாய் கூடுதல் செலவு. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் வீட்டில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? தோட்டாவுக்கு முன்னாடியே திருத்தணியிலிருந்து மின்சார ரயிலேறி, எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்து ரைபிள் கிளப் வரைக்கும் போய்வரும் செலவும் நேரமும் இருக்கே!

தட்டுப்பாடு ஏன் வருது? போட்டித் தரத் தோட்டா என்றால் வீரர்கள் தேடுவது பின்லாந்துப் பெயர் தாங்கிய லாபுவா, இங்கிலாந்து பர்மிங்காமின் ஈலி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். 2020இல் கொரோனா காலத்தில் அமெரிக்காவில் மக்கள் கடை கடையாகத் தோட்டாவை வாரிக்கொண்டு போனாங்க. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வெடித்தது. லாபுவாவின் தாய் நிறுவனமான நாம்மோதான் பீரங்கிக் குண்டும் தயாரிக்குது. வெடிமருந்து, பித்தளை, எரியூட்டி எல்லாத்துக்கும் ராணுவம் வரிசையில் முன்னால் வந்து நின்றால், விளையாட்டு வீரர் பின்னாலதான் நிற்கணும். அந்த வரிசையின் கடைசியில் நிற்பது யார்? நம்ம பிள்ளை.

சரி, இன்னைக்கு என்ன செய்யலாம்? பிள்ளையைச் சுடுதளத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு நாலு வார்த்தை.

ஒண்ணு, போட்டிக்கும் பயிற்சிக்கும் ஒரே விலையுயர்ந்த தோட்டா வேண்டாம். உள்நாட்டுத் தோட்டாவோ குறைந்த விலை ரகமோ கிடைத்தால் தினப் பயிற்சிக்கு அதை வைங்க. போட்டிக்கானதை ஒரே லாட் எண்ணாகப் பார்த்து வாங்கித் தனியா எடுத்து வைங்க. லாட் மாறினால் குறியும் கொஞ்சம் மாறும்.

இரண்டு, மொத்தமாக வாங்குவதற்கு முன்னாடி ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்க. ஒரு பிஸ்டலில் வெண்ணெய் மாதிரி ஓடும் தோட்டா, இன்னொன்றில் மூணுக்கு ஒண்ணு சிக்கும். விலை குறைவுன்னு வாங்கி பாதி சிக்கினால் லாபம் இல்லை. குதிரையை இழுத்தும் வெடிக்கலையா? குழலை இலக்கை நோக்கியே 30 விநாடி பிடிச்சிருக்கணும். அப்புறம்தான் கழட்டணும்.

மூணு, தோட்டா இல்லாத நாளும் பயிற்சி நாள்தான். ஏர் பிஸ்டல் சுடலாம். தோட்டா இல்லாமலே குதிரை இழுக்கும் பயிற்சியும் செய்யலாம். அதுக்குத் தோதான துப்பாக்கியான்னு மட்டும் பயிற்சியாளரிடம் முதலில் கேட்டுக்கோங்க. கை நடுங்காமல் நிற்பதும் விரல் மெதுவாக அழுத்துவதும் அங்கேதான் படியும்.

நாலு, இது ரொம்ப முக்கியம். அமெரிக்காவில் வீட்டிலேயே காலிக் கூட்டில் மருந்து அடைச்சுக்கிறாங்கன்னு காணொளி பார்த்து ஏமாறாதீங்க. பாயின்ட் 22 விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் ரகம், ஒரு தடவை சுட்டால் அந்தக் கூடு குப்பைதான். இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் வைத்திருப்பதும் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். "தெரிஞ்சவர் தர்றார்" என்று பில் இல்லாமல் ஒரு பெட்டி வாங்கினால், பிள்ளையின் மொத்த விளையாட்டு வாழ்க்கையும் ஒரே நாளில் முடியும்.

இதெல்லாம் வீட்டார் செய்யக்கூடியது. அரசுகள் செய்ய வேண்டியது?

"சோத்துக்கே அல்லாடும்போது தோட்டாவுக்கு மானியமா?" என்று சில பேர் கேட்பாங்க. நியாயமான கேள்விதான், தோழர்களே. ஆனால் மானியம் இல்லாவிட்டால் இந்த விளையாட்டு நின்றுவிடாது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தொடர்ந்து நடக்கும். தேசிய அளவில் மதிப்பெண் எடுத்துப் பட்டியலில் ஏறிவிட்டவர்களுக்கு இறக்குமதி வரிச் சலுகை உண்டு. அந்தப் பட்டியலை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத்தான் கை கொடுக்க ஆள் இல்லை. இது போதாதுன்னு 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோது, பிஸ்டல், ரிவால்வருக்கு 28 சதவீதமாக இருந்த வரியை 40 சதவீதமாக ஏற்றினாங்க. ஆடம்பரத்துக்கு வரி போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனால் பயிற்சி பெறும் பிள்ளையின் கருவியும் ஆடம்பரமா?

நம்ம கையில் இல்லாதது என்ன? நீலகிரி அரவங்காட்டில் வெடிமருந்து ஆலை நூறு வருஷத்துக்கும் மேலாக ஓடுது. திருச்சியில் படைக்கலத் தொழிற்சாலை இருக்குது. 2021 அக்டோபரில் படைக்கல வாரியத்தைக் கலைத்து, வெடிபொருள் ஆலைகளை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தாங்க. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து முனைகளோடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வேறு அறிவித்தாங்க. மருந்து செய்யத் தெரிந்த மாநிலத்தின் பிள்ளை, ஒரு பெட்டித் தோட்டாவுக்காக ஐரோப்பியக் கப்பலைப் பார்த்துக்கிட்டு நிற்கணுமா?

நாம கேட்பது நாலே நாலு:

1. போட்டித் தரத்தில் பாயின்ட் 22 தோட்டாவைப் பொதுத்துறை ஆலைகள் போதிய அளவில் தயாரிக்கணும்.

2. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தோட்டாக் கையிருப்பு வைத்து, மாநிலப் போட்டிகளில் தகுதி பெறும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுடுதளத்திலேயே, கணக்கோடு, இலவசமாகக் கொடுக்கணும்.

3. பதிவு பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு அந்த 40 சதவீத வரியை நீக்கணும்.

4. திருத்தணி போன்ற எல்லையோர ஊர்களில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தளமாவது அமைக்கணும். அதுக்குப் பெரிய மைதானம் தேவையில்லை. ஒரு பள்ளிக்கூட மண்டபம் போதும்.

தோழர்களே, ம.பொ.சி. போன்றவர்களின் எல்லைப் போராட்டத்தால் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் திருத்தணி. போராடி வாங்கின மண்ணை வரைபடத்தின் ஓரத்தில் விட்டுவிட்டால் போதுமா? அங்கே பிறக்கும் பிள்ளைக்கும் தலைநகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்பு கிடைக்கணும். அன்னைக்குத்தான் அந்தப் போராட்டம் முழுமையாகும்.

உங்க பகுதியில் இந்த விளையாட்டில் இருக்கும் பிள்ளைகள் படும் சிரமத்தைக் கருத்துப் பகுதியில் எழுதுங்க. படிச்சதோட நிற்காமல் பகிருங்க.

#திருத்தணி #விளையாட்டில்_சமநீதி #எல்லைப்பிள்ளைக்கும்_வாய்ப்பு