பெரியப்பா திருடரா?

கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் பெரியப்பாவை யாராவது திருடர் என்று சொன்னால், சொன்னவருக்குத்தான் ஊரில் உதை விழும். எடை போட்டு விற்ற பித்தளைக் குடத்தில் இருபது கிராம் குறைந்துவிட்டது என்று, வாங்கியவர் வீட்டைத் தேடிப் போய்க் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மனுஷர். அப்பேர்ப்பட்டவர் 2016-ல் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணி, "ஏண்டா, நீ பி.காம். படிச்சவன்தானே... நான் பண்ணப்போறது திருட்டான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

எனக்குத் தூக்கம் போச்சு!

விஷயம் இதுதான். 2009-ல் 4,500 ரூபாய் கொடுத்துக் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் ஒன்றை சி.டி.யில் வாங்கியிருந்தார். ஏழு வருஷக் கணக்கும் அதில்தான். திடீரென்று கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ரிப்பேர்காரர் எப்படியோ கணக்கு ஃபைல்களை மட்டும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் அதைத் திறந்து படிக்க அந்த சாஃப்ட்வேர் வேண்டுமே! சி.டி.யைத் தேடினால், பேரன் அதைக் கூடத்தில் சக்கரமாக உருட்டி விளையாடியிருக்கிறான். கீறலோ கீறல். பில் மட்டும் கம்பியில் குத்தியபடி பத்திரமாக இருந்தது.

நேரமும் சரியில்லை. கடையில் பாதிப் பங்கு என் சித்தப்பாவுக்கு. பங்கைப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. "கணக்கைக் காட்டுங்கண்ணே" என்று அவர் கேட்க, "திறக்க மாட்டேங்குதுடா" என்று இவர் சொன்னால் ஊர் என்ன பேசும்?

விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். "அந்த வெர்ஷனை நிறுத்தியாச்சு சார். புதுசு வாங்கிக்குங்க" என்று வைத்துவிட்டார்கள். எதிர்க்கடைப் பையனோ, "கவலைப்படாதீங்க தாத்தா, பத்தே நிமிஷத்துல நெட்லேர்ந்து இறக்கித் தர்றேன். ஓசி!" என்றான்.

"காசு கொடுத்து வாங்கினதுதானேடா? அதையே இன்னொரு தடவை எடுத்துக்கிட்டா அது திருட்டா?"

நியாயமான கேள்வி. சட்டத்தைப் புரட்டினேன். 1957-ம் வருஷத்துக் காப்பிரைட் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை 'இலக்கியப் படைப்பு' வகையில் சேர்த்திருக்கிறது. ஆக, பேரேடு போடும் சாஃப்ட்வேரும் இலக்கியம்! 52-வது பிரிவு, முறைப்படி ஒரு பிரதி வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ கெட்டாலோ கைகொடுக்க ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பெரியப்பா ஜெயித்துவிட்டார் என்று துள்ளினேன். கூடவே இரண்டு வார்த்தை இருந்தது: 'அந்தப் பிரதியிலிருந்து.' அதாவது, தன் சி.டி.யிலிருந்து. எவனோ பூட்டை உடைத்து நெட்டில் போட்டு வைத்ததிலிருந்து அல்ல.

தெரிந்தே திருட்டுப் பிரதியை உபயோகித்தால் 63பி பிரிவு காத்திருக்கிறது. குறைந்தது ஏழு நாள் ஜெயில், 50,000 ரூபாய் அபராதம். அதிகபட்சம் மூன்று வருஷம், 2 லட்சம். வியாபாரத்துக்காக இல்லையென்றால் ஜெயில் இல்லாமல் விட கோர்ட்டுக்கு இடமுண்டு. பெரியப்பா வைத்திருப்பதோ கடை!

சொன்னேன். அவர் விடுவதாக இல்லை.

"டேய், நான் சொம்பு விக்கறேன். நசுங்கினா வாங்கினவன் பாடு. இவன் வித்ததும் சொம்பு மாதிரின்னா ஒத்துக்கறேன், இன்னொண்ணு வாங்கிக்கறேன். ஆனா கவர்ல என்ன போட்டிருக்கான்? இதை உனக்கு விக்கலை, உபயோகிக்க உரிமை மட்டும்தான் தர்றோம்னு. உரிமைல எப்படிடா கீறல் விழும்?"

மடக்கிவிட்டார்! யோசித்துப் பாருங்கள். கடையில் விற்கும் ரெடிமேட் சாஃப்ட்வேர் விற்பனை வரிக்கு 'சரக்கு'தான் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. வரி வாங்கும்போது சரக்கு, கெட்டுப்போனதும் வெறும் உரிமையா?

இந்தத் தலைவலி நமக்கு மட்டுமில்லை. அதே 2016 அக்டோபரில், லாட்வியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் இரண்டு பக்கமும் ஒரு தட்டுத் தட்டியது. அசல் டிஸ்க் கெட்டுவிட்டது என்று, கையிலிருக்கும் நகல் டிஸ்க்கைக் காப்பிரைட்காரர் அனுமதியில்லாமல் இன்னொருவருக்கு விற்கக்கூடாது. ஆனால் டிஸ்க் போன ஒரே காரணத்துக்காக, அதை விற்கிற வழியையே அடைத்துவிடவும் கூடாது; கம்பெனியின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ள முடிய வேண்டும் என்றது.

எனக்கு வீட்டுப் பத்திரம் ஞாபகம் வந்தது. பத்திரம் தொலைந்தால் வீடு தொலைந்துவிடுமா? சார்பதிவாளர் ஆபீஸில் மனுப் போட்டு நகல் வாங்குகிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாக டைப் அடிக்கத் தெரியும் என்று அவரிடம் போய்ப் பத்திரம் தயார் பண்ணச் சொல்வதில்லை.

"பெரியப்பா, நீங்க திருடர் இல்லை. ஆனா அந்தப் பையன் கொண்டுவர்றது திருட்டுச் சரக்கு. கம்பெனிகிட்டயே கேப்போம்" என்றேன்.

பில்லின் ஜெராக்ஸை இணைத்துக் கடிதம் எழுதினோம். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதில் 'உரிமையில் கீறல் விழுமா?' என்ற பெரியப்பாவின் கேள்வியை அப்படியே எழுதி, நுகர்வோர் கோர்ட் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தேன். பத்து நாளில் கூரியரில் சி.டி. வந்தது. கம்பெனியே காணாமல் போயிருந்தால் நானும் சேர்ந்து முழித்திருப்பேன்.

கணக்கு திறந்தது. சித்தப்பாவுக்குப் பெரியப்பா 18,000 ரூபாய் கூடுதலாகத் தரவேண்டும் என்று வந்தது! அன்றைக்கே எண்ணிக் கொடுத்தார். சித்தப்பா வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அந்த சி.டி.க்கு, 'அந்தப் பிரதியிலிருந்து' எடுத்த நகல் ஒன்று இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பேரனுக்கு உருட்ட ஒரு பொம்மை பஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பில்லோடு!