அயல்நாட்டு நாய்த் தின்பண்டங்கள்

ராசிங்காபுரத்திலும் அதனைச் சூழ்ந்துள்ள கிராமங்களிலும் நாய் வளர்ப்பது வெறும் பொழுதுபோக்கன்று. மக்காச்சோளக் கொல்லையில் இரவில் புகும் காட்டுப்பன்றியை விரட்டுவதும், தென்னந்தோப்பிலும் களத்திலும் காவல் இருப்பதும், மலைமேலுள்ள ஏலத்தோட்டத்தில் ஆளரவமற்ற வேளையில் அந்நியர் வரவை அறிவிப்பதும் அதன் வேலைகளாம். கோம்பை நாயின் பெயரைத் தாங்கிய ஊர் நமது ஜில்லாவிலேயே உள்ளது. இத்தகைய நாய்கள் தலைமுறை தலைமுறையாகக் கம்பங்கூழும், கேழ்வரகுக் களியும், வீட்டில் மிஞ்சிய சோறும், வேட்டையில் கிடைத்ததும் உண்டு வளர்ந்தவை. சில ஆண்டுகளாகவோ, பளபளப்பான பைகளில் அடைத்த கோழியிறைச்சிப் பட்டைகளும், சாயமேற்றிய தோல் எலும்புகளும், பிஸ்கோத்துகளும் பட்டணத்துக் கடைகளிலிருந்தும் தபால் மூலமாகவும் நமது வீடுகளுக்கு வந்து சேருகின்றன. இவற்றுள் பல கப்பலேறி வந்தவை. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் இவற்றை ஆசையோடு வாங்கிப் போடுகின்றனர்.

நாய் வைத்தியம் என் இலாகாவைச் சேர்ந்ததன்று. ஆயினும், தீவனம் இன்னதென்றும், தானியமும் புண்ணாக்கும் எவ்வாறு கெடும் என்றும் அறிவது எங்கள் தொழில். அந்த அளவில் இவ்விஷயத்தைப் பற்றி என் கருத்தைக் கூறுகிறேன். அயல்நாட்டுப் பண்டம் யாவும் விஷம் என்பது என் கருத்தன்று. அதனுள் இருப்பது என்னவென்று வாங்குபவரும் அறியார், விற்பவரும் அறியார் என்பதே என் ஆட்சேபம்.

நடந்தவற்றைப் பார்ப்போம். 2007-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவில் ஒரே கம்பெனி ஏறக்குறைய 6 கோடி டப்பாக்களையும் பைகளையும் கடைகளிலிருந்து திரும்ப வாங்க நேர்ந்தது. அவற்றை உண்ட நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதுற்று மடிந்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசையில் மெலமைன் என்னும் இரசாயனம் கலந்திருந்ததே காரணம். பிளாஸ்டிக் தட்டுகள் செய்ய உதவும் பொருளைத் தீவனத்தில் ஏன் கலக்கவேண்டும் என்று விவசாயிகள் வியக்கலாம். தீவனத்தில் புரதம் எவ்வளவு என்பதைச் சோதனைச்சாலையில் நேரே அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து அதனை 6.25-ஆல் பெருக்கிக் கணக்கிடுவது வழக்கம். மெலமைனில் நூற்றுக்கு 66 பங்கு நைட்ரஜன். யூரியாவிலோ 46 பங்கே. ஆகவே ஒரு பிடி மெலமைன், புரதமில்லாத மாவைப் புரதம் மிகுந்ததாகக் கணக்கில் காட்டிவிடும். இது புண்ணாக்கில் மண்ணையும் உமியையும் கலப்பதைக் காட்டிலும் சாமர்த்தியமான மோசடி. மண்ணைச் சோதனையில் கண்டுபிடித்து விடலாம், இதுவோ அந்தச் சோதனையையே ஏமாற்றுகிறது. மெலமைனும் அதன் இனத்தைச் சேர்ந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் படிகங்களாக உறைந்து வழியை அடைத்துவிடும். 2004-ம் வருஷம் ஆசிய நாடுகள் பலவற்றில், தாய்லாந்தில் செய்த உணவை உண்டு மாண்ட நாய்களின் சிறுநீரகங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, அவற்றிலும் இதே படிகங்கள் காணப்பட்டன. மூன்று வருஷம் முன்னதாகவே எச்சரிக்கை கிடைத்திருந்தும் ஒருவரும் அதனை அறியவில்லை. 2008-ல் அதே சரக்கு சீனத்துப் பால்பொடியில் கலந்து குழந்தைகளையே தாக்கிற்று.

இதனினும் கவலைக்குரியது உலர்ந்த இறைச்சிப் பட்டைகளின் விஷயமாகும். 2007 முதல் 2015 முடிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தாருக்கு வந்த முறையீடுகளின்படி, இவற்றை உண்டு நோயுற்ற நாய்கள் 6,200-க்கு மேல். மடிந்தவை 1,140-க்கு மேல். பெரும்பாலான பட்டைகள் சீனத்தில் செய்த கோழி, வாத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பண்டங்கள். வாந்தியும் கழிச்சலும் பல நாய்களுக்கு. வேறு சிலவற்றுக்கோ சிறுநீரகம் தளர்ந்து, இரத்தத்தில் சர்க்கரை மிகாதிருந்தும் சிறுநீரில் சர்க்கரை இறங்கிற்று. 2013-ம் வருஷம் ஜனவரியில் நியூயார்க் மாகாண விவசாய இலாகாவினர் சில பட்டைகளில் அனுமதியற்ற நோய்க்கிருமி மருந்துகளின் எச்சம் கண்டபின் சில கம்பெனிகள் சரக்கை விலக்கிக்கொண்டன. அத்தனை நோய்க்கும் அதுவே காரணமென்று நிரூபணமாகவில்லை. அவ்வளவு சோதனைச்சாலைகளை உடைய தேசத்திலேயே காரணம் பிடிபடாது போயிற்றென்றால், போடிநாயக்கனூர்ப் பேட்டையில் நாம் எதைக்கொண்டு தீர்மானிப்பது?

நமது தேசத்தில் சட்டம் இல்லாமலில்லை. 1898-ம் வருஷத்திய கால்நடை இறக்குமதிச் சட்டத்தின்கீழ் இத்தகைய பண்டங்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் அச்சட்டத்தின் முதல் நோக்கம் வெளிநாட்டுக் கால்நடை நோய் நம் நாட்டில் புகாமல் தடுப்பதாகும். மனிதர் உணவைக் காக்க ஏற்பட்ட 2006-ம் வருஷச் சட்டமோ, விலங்குத் தீவனத்தை உணவு என்னும் சொல்லின் பொருளிலிருந்தே நீக்கிவிட்டது. சில மாதங்களுக்கு முன் விவசாயி ஒருவர் என்னிடம் கொணர்ந்த பையில் நாயின் படமும், அயல்மொழி எழுத்துக்களும், விலையை ஒட்டிய காகிதமும் இருந்தன. இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்கும்படி சொன்னேன். பிள்ளை அழுவான் என்றார்.

ஏலக்காய் விளைவிக்கும் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நமது காயை வாங்கும் அயல்நாட்டார், பூச்சிமருந்தின் எச்சம் உளதா, செயற்கைப் பச்சை ஏற்றியிருக்கிறதா என்று சோதித்து, குறை கண்டால் சரக்கையே மறுக்கின்றனர். அதனால் ஏலத்தில் விலை சரிவதைப் போடியில் கண்டவர் பலர். அவர்கள் செய்வது நியாயமே. நாம் விற்கும்போது பிறர் காட்டும் கண்டிப்பில் பத்தில் ஒரு பங்கையேனும் நாம் வாங்கும்போது காட்டலாகாதா?

எனினும் உள்நாட்டுப் பண்டமென்றால் குற்றமற்றது என்று நினைப்பதும் தவறு. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பிரேஸில் தேசத்துக் கடலைப் புண்ணாக்கில் பிடித்த பூஞ்சணமே காரணம். அஃபிளடாக்ஸின் என்று பெயர் பெற்ற அந்த விஷம் ஈரத்தில் கிடந்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் கொப்பரையிலும் உண்டாகிறது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில், மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தை உண்டு 106 பேர் இறந்தனர். அதே உணவை உண்ட ஊர் நாய்களும் வயிறு வீங்கி, மஞ்சள் நோய் கண்டு மடிந்தன. வேகவைப்பதால் இவ்விஷம் அகலாது. பூத்த தானியத்தை 'நாய்க்குத்தானே, மாட்டுக்குத்தானே' என்று போடும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் உண்டு. மாட்டுக்குப் போட்டால் பாலில் இறங்கி நம் பிள்ளைகளுக்கே திரும்பி வரும்.

இனி, தின்பண்டத்துக்கு என்ன செய்வது? ஆட்டு ஈரல் அல்லது கோழி ஈரலை உள்ளே சிவப்பு மாறும்வரை உப்பின்றி வேகவைத்து, மெல்லிய துண்டங்களாக நறுக்கி, இளஞ்சூட்டில் உலர்த்தினால், பையில் வரும் பட்டைக்கு அது எவ்விதத்திலும் குறைவன்று. பச்சை இறைச்சியை வெயிலில் மட்டும் உலர்த்துதல் கூடாது, கிருமிகள் சாவதில்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இதைச் செய்ய எண்ணுபவர் இருப்பின், கவிச்சி வாடை காயில் ஏறிவிடும் என்பதை நினைவில் வைக்கவும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்து நீளவாக்கில் அரிந்து உலர்த்தினால் குட்டிகள் விரும்பிக் கடிக்கும். அவித்த முட்டை, காரட்டுத் துண்டு, உப்பும் வெங்காயமும் சேராத கேழ்வரகு அடை ஆகியவையும் உகந்தவை. கருவாடு கொடுப்பதாயின் உப்பு நீங்கப் பலமுறை ஊறவைத்து அலசவேண்டும். எதுவாயினும் அன்றைய உணவில் பத்திலொரு பங்குக்கு மேற்படாதிருப்பது நலம். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், அது வேண்டாம்.

வீட்டுப் பண்டங்களிலும் விலக்கவேண்டியவை சில உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை. சாக்கொலேட்டும் காப்பிக்கொட்டையும் இருதயத்தைத் தாக்கும். சர்க்கரைக்குப் பதிலாகச் சில மிட்டாய்களில் சேர்க்கும் ஸைலிட்டால் மிகக் கொடியது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை நமக்குப் பெருமை தருவதாயினும், திராட்சையும் அதன் வற்றலும் நாயின் சிறுநீரகத்துக்கு ஆகா. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமென்று இப்போது கருதுகின்றனர். அவ்வமிலம் புளியிலும் மிகுதியாதலால், மிஞ்சிய புளிச்சோற்றை நாய்க்கு வைக்கும் வழக்கத்தை விடுவதே உத்தமம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாய் இறந்தால் பாம்பு தீண்டிற்று, எவரோ மருந்து வைத்தனர் என்று சொல்லி, அண்டை வீட்டாரோடு சண்டை மூள்வதே வழக்கம். புதுப் பண்டம் உண்ட பின் நாய் தீனி மறுத்தாலும், மிகுதியாக நீர் குடித்தாலும், கண் மஞ்சளித்தாலும், மிச்சப் பண்டத்தைப் பையுடனே எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குச் செல்லும்படி அவர்கள் எடுத்துச் சொல்லவேண்டும். தேனியிலேயே 2020-ம் வருஷம் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டுள்ளது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனம் சோதிக்கும் சோதனைச்சாலை உண்டு. பூஞ்சண விஷத்தை அங்கே கட்டணத்துக்குச் சோதித்துத் தருகின்றனர். மாதிரியை ஈரமில்லாத சுத்தமான பையிலிட்டு, வாங்கிய கடை, தேதி, பையிலுள்ள தொகுதி எண் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிச் சேர்த்து அனுப்பவேண்டும். பையைக் குப்பையில் எறிந்துவிட்டு வெறும் பண்டத்தை மட்டும் கொணர்ந்தால், சோதனையில் குற்றம் கண்டபோதிலும் யாரைக் கேட்பது?