ஒருவர் விளையாட்டும் ஊரார் கரையும்

குளம் வான் பாயும் நாட்களிற் கட்டின்மேல் நின்று பார்த்த கமக்காரனுக்கு ஓர் உண்மை தெரியும். நீர் தாழ்ந்திருக்கையிற் கல்லடுக்கில் மோதி அடங்கும் அலை, நீர் நிறைந்ததும் கல்லுக்கு மேலுள்ள மண்ணைக் கரைக்கத் தொடங்கும். அலை அதுவே, அது மோதும் இடமே வேறு.

இவ்வுண்மையை ஒன்ராறியோ ஏரிக்கரை மக்கள் பெருநட்டத்துடன் கற்றனர். 2017ஆம் ஆண்டில் அவ்வேரி முன்னில்லாத உயரத்துக்கு ஏறியது. 2019இல் அதனையும் விஞ்சியது. நம்மவர் பெருந்தொகையாய் வாழும் ரொறன்ரோவின் தீவுகளிலும் 2017இல் வெள்ளம் புகுந்தது. அவ்வாண்டு நியூ யோர்க் மாநில அரசு, கரையிலிருந்து 600 அடிக்குள் எப்படகும் மணிக்கு 5 மைலுக்கு மேல் ஓடலாகாதெனக் கட்டளையிட்டது.

“காற்று எழுப்பாத அலையையா படகு எழுப்புகிறது?” என்று வேகப்படகுப் பிரியர் வினவுவர். திறந்த ஏரியிற் புயலே பெரும்பகை என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் காற்றுப் புகாத குடாக்களிலும் ஒடுங்கிய வாய்க்கால்களிலும் கரையை அரிப்பது யார்? அலையின் உயரம் இருமடங்கானால் அதன் வலு நான்கு மடங்காகும். அலைச்சறுக்கலுக்கென்றே பேரலை எழுப்பும் படகுகள் இன்று பெருகியுள்ளன. ஏனைய படகுகளின் அலை 200 அடியில் அடையும் தணிவை, இவற்றின் அலை 500 அடிக்கு அப்பாலேயே அடைகிறது என மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வு 2022இற் கண்டது. ஒன்ராறியோ மாகாணத்திலோ, கரையோரத்தில் மணிக்கு 10 கிலோமீற்றர் என்ற பொது வரம்பு 30 மீற்றருக்குள் மட்டுமே செல்லும். 30 மீற்றர் என்பது ஏறத்தாழ 100 அடி. இது காவலா, காவலின் பெயரா?

காற்றைச் சட்டத்தால் அடக்க இயலாது, படகை அடக்கலாம். இயலாததைக் காட்டி இயன்றதைக் கைவிடுவது நியாயமன்று.

கரை இடிந்தபின் அவசரக் கட்டளை பிறப்பிப்பதிற் பயனென்ன? நீர்மட்டக் கோலில் ஓர் அளவைக் குறித்து, நீர் அதனைத் தொட்ட அன்றே வேகத்தடை தானாக நடைமுறைக்கு வரவேண்டும். நீர் வடிந்ததும் தானாக நீங்கவேண்டும். அப்போது அதிகாரியின் தயவும் வேண்டா, படகு வணிகரின் முறையீட்டுக்கும் இடமிராது. கோடைகாலம் குறுகியது, வருமானம் குன்றும் என்பர் வணிகர். சில வாரங்களில் இழந்த வருமானத்தை மறு கோடையில் ஈட்டலாம். நீரோடு போன நிலத்தை எந்தக் கோடையில் மீட்பது?

பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பது நம் முன்னோர் மொழி. பொதுநீரில் எவர்க்கும் உரிமையுண்டு. பிறர் காலடி மண்ணைக் கரைக்கும் உரிமை எவர்க்குமில்லை.