அது வித்த கணக்கு இல்லை, வாங்கி அடுக்கின கணக்கு

காமிக்ஸ் ரசிகர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் எதுலயாவது நீங்க இருந்தா இந்தச் சண்டையைப் பார்த்திருப்பீங்க. அமெரிக்க காமிக்ஸோட மாதாந்திர விற்பனைப் பட்டியலை யாராவது எடுத்துப் போடுவாங்க. "பாரு, ரெண்டாவது இதழே விழுந்துடுச்சு, கதை ஃப்ளாப்"னு ஒருத்தன் ஆரம்பிப்பான். போன செமஸ்டர் வரைக்கும் அந்த ஒருத்தன் நான்தான்.

மினி பிராஜெக்ட்டுக்கு வகுப்பே ஐபிஎல், வீட்டு விலைன்னு போக, நான் இந்தப் பட்டியலை எடுத்தேன். கிராஃப் அவ்வளவு அழகா வந்துச்சு. முதல் இதழ் உச்சத்துல, ரெண்டாவதுல சடார்னு ஒரு இறக்கம், அப்புறம் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகுற மாதிரி மெதுவான சரிவு. நான் எடுத்த தொடர்கள்ல பெரும்பாலும் இதே வடிவம்தான். "வாசகர் ஆர்வம் குறையும் வேகம்"னு அதுக்கு ஒரு பேரு வச்சு ரிப்போர்ட்டும் எழுதிட்டேன்.

தப்பு. அந்தக் கிராஃப்ல வாசகரே இல்லை.

1970கள்ல அங்கே காமிக்ஸ் கடைகளுக்குன்னு தனி விநியோக முறை வந்துச்சு. கடைக்காரருக்குத் தள்ளுபடி அதிகம், ஆனா விக்காம நின்னதைத் திருப்பித் தர முடியாது. கேட்டலாகைப் பார்த்து ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே ஆர்டர் போடணும். 1990களோட பிற்பகுதியிலிருந்து 2020 வரைக்கும் பெரிய பதிப்பகங்களோட இதழ்கள் எல்லாமே டயமண்ட்ங்கிற ஒரே விநியோகஸ்தர் வழியாத்தான் இந்தக் கடைகளுக்குப் போச்சு. அவங்களும் பிரதி எண்ணிக்கையை நேரா சொல்ல மாட்டாங்க. பேட்மேன் இதழை 100னு வச்சு மத்ததுக்கெல்லாம் ஒப்பீட்டு எண் மட்டும் தருவாங்க. நாம நார்மலைஸ் பண்ணுவோமே, அதே வேலை. அதை வச்சு ஜான் ஜாக்சன் மில்லர் மாதிரி ஆட்கள் உட்கார்ந்து பிரதிக் கணக்கை மதிப்பிட்டாங்க. நாம ஃபார்வர்டு பண்ற 'விற்பனை' அதுதான்: கடைக்குப் போன பிரதிகள். கடையை விட்டு வெளியே போனது எத்தனைன்னு அதுல கிடையாது.

இப்போ அந்த ரெண்டாவது இதழை யோசிங்க. முதல் இதழ் அலமாரிக்கு வர்ற அன்னைக்கே ரெண்டாவதுக்கு, பல நேரம் மூணாவதுக்கும், ஆர்டர் போயிருக்கும். எண்ணிக்கையைத் திருத்த ஒரு கடைசித் தேதி உண்டு, ஆனா அதுவும் இதழ் வர்றதுக்குச் சில வாரம் முன்னாடியே முடிஞ்சிடும். ஆக, "கதை பிடிக்கலை"னு நான் படிச்ச அந்த இறக்கம், பெரும்பாலும் யாரும் கதையைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கடைக்காரர் போட்ட ஊகம்.

உச்சமும் அப்படித்தான். இந்த இதழை 25 வாங்கினா சிறப்பு அட்டைப்படம் போட்ட பிரதி ஒண்ணு வாங்கலாம்னு ஒரு ஏற்பாடு அங்கே சாதாரணம். அந்த ஒண்ணை நல்ல விலைக்குத் தள்ளிடலாம்னு 25 எடுப்பாங்க. மிச்சம் கடையோட பின்ரூம்ல கிடக்கும். பட்டியல்ல மட்டும் 25 'விற்பனை'.

1991ல வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சத்துக்கு மேல போச்சு, கின்னஸ் சாதனை. அஞ்சு விதமான அட்டை. ஒரே ஆள் அஞ்சும் வாங்கினான், நாளைக்கு விலை ஏறும்னு கட்டுக்கட்டா வாங்கினவங்களும் உண்டு. அவ்வளவு பிரதி இருக்கிறதாலேயே அது இன்னைக்கும் மலிவாக் கிடைக்குது. அந்தக் குமிழி உடைஞ்சதுல ஏராளமான கடைகள் மூடின. 1996 கடைசியில மார்வெலே திவால் மனு போட்டுச்சு (அதுக்கு வேற காரணங்களும் உண்டு, அது தனிக் கதை).

"பதிப்பகத்துக்குக் காசு வந்துடுச்சுல்ல, அப்போ விற்பனைதானே?"ன்னு கேப்பீங்க. அவங்களுக்கு விற்பனைதான், மறுக்கலை. என் பிரச்சினையே அங்கேதான் இருக்கு. நஷ்டம் கடைக்காரர் தலையில, ஆனா ஒரு தொடரை நிறுத்தலாமா வேண்டாமாங்கிறதுல இந்த முன்கூட்டி ஆர்டருக்குப் பெரிய பங்கு. தெரிஞ்ச ஹீரோ பேருக்குக் கடைக்காரர் தைரியமா ஆர்டர் போடுவார், புதுசுக்கு பயப்படுவார். 2014ல கமலா கான் ஹீரோயினா வந்த 'மிஸ் மார்வெல்' தொடரையே எடுத்துக்கோங்க. டிஜிட்டல்லயும் தொகுப்புப் புத்தகமாவும் நல்லாப் போச்சு, முதல் தொகுப்பு 2015ல ஹ்யூகோ விருதும் வாங்குச்சு. டிஜிட்டல் விற்பனைக்கு அந்த மாதப் பட்டியல்ல இடமே கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க புத்தகக் கடையில அள்ளிட்டுப் போற 'டாக் மேன்' மாதிரி புத்தகங்களும் பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு வெளியேதான்.

இப்போ அந்தப் பட்டியலும் உடைஞ்சு போச்சு. 2020 ஜூன்ல டிசி டயமண்டை விட்டு விலகுச்சு, அடுத்த வருஷம் அக்டோபர்ல மார்வெல் பென்குயின் ரேண்டம் ஹவுஸ் பக்கம் போச்சு, 2025 ஜனவரியில டயமண்டே திவால் மனு போட்டுடுச்சு. "பழைய மாதிரி தெளிவான எண் இல்லையே"ன்னு வருத்தப்படுறவங்க இருக்காங்க. எனக்கு வருத்தம் இல்லை. கடையில பில் போடும்போதே எண்ணுற கணக்கு, எல்லாக் கடையையும் சேர்க்கலைன்னாலும், இதைவிட உருப்படியானது.

என் ரிப்போர்ட்ல கிராஃப் அப்படியேதான் இருக்கு. ஒய் அச்சுல 'வாசகர்கள்'னு இருந்ததை அடிச்சுட்டு 'கடைக்கு அனுப்பிய பிரதிகள்'னு மாத்தினேன். அதுக்குக் கீழே இருந்த ஒன்றரைப் பக்க முடிவுரையையும் எடுக்க வேண்டியதாப் போச்சு.