கலியாண வீட்டில் ட்ரோன் பறக்கலாம், மைதானத்தில் ஹெலி பறக்கக் கூடாதா?



கடந்த இரண்டு வாரமாக நமதூர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக் கொண்டிருக்கிறது. "படிப்பிக்கிற வேலைய விட்டுட்டு சேர்மார் புள்ளைகளோட ஹெலிகொப்டர் விளையாடுறாங்க" என்று தொடங்குகிறது. பேசியவர் யார் என்று தேட நாங்கள் விரும்பவில்லை. அவரும் எங்களிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் வாப்பாவாகத்தான் இருப்பார். ஆனால் அந்தப் பதிவுக்குப் பிறகு மைதானத்தின் சாவி எங்களிடமிருந்து திருப்பி வாங்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் கேற்றடியில் நின்று விட்டுத் திரும்பிப் போனார்கள். அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லி விடுகிறோம். ஏனென்றால் அந்தப் பதிவில் உள்ள ஒரு விஷயம் உண்மை.

ஜூலை மாதம் ஒரு பின்னேரம், நாலரை மணி. கச்சான் காற்று கிளம்பியிருந்தது. அந்த நேரத்தில் பறக்க விடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே நாங்கள்தான். ஆனால் அன்று வெளியூரிலிருந்து இரண்டு பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள், காட்ட ஆசைப்பட்டு விட்டோம். ஹெலி தலைக்கு மேலே எழும்பியதும் காற்று அதைக் கடல் பக்கமாகத் தள்ளியது. ஓட்டிய பிள்ளை அதைத் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தான். திருப்பியதும் அதன் மூக்கு எங்களைப் பார்த்தது. மூக்கு நம்மைப் பார்த்தால் இடது வலதாகி விடும். அவன் வலப்பக்கம் என்று நினைத்துக் கொடுத்தது எங்கள் கண்ணுக்கு இடப்பக்கம் போனது. பயத்தில் வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டி விட்டான். மதிலைத் தாண்டிப் போய் பக்கத்து வளவின் தகரக் கூரையில் விழுந்தது. உள்ளே தூங்கிக் கொண்டிருந்த மூத்தம்மா பதறி எழும்பி விட்டார்.

அன்று மஃரிபுக்கு முன்னர் நாங்களும் அந்தப் பிள்ளையும் அந்த வீட்டுக்குப் போனோம். மூத்தம்மா அவனைப் பக்கத்தில் இருத்தி, "அது என்னத்துல ஓடுது மகன்" என்று கேட்டார். அவன் பத்து நிமிடம் விளங்கப்படுத்தினான். மன்னிப்பு அந்த வீட்டிலேயே முடிந்து விட்டது. வட்ஸ்அப்பில்தான் இன்னும் முடியவில்லை.

சரி. இது "விளையாட்டுச் சாமான்" என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம்.

நமது ஊரில் கலியாணம் நடந்தால் மண்டபத்துக்கு மேலே ட்ரோன் கமரா பறக்கிறது. அதற்கென்று காசு கட்டுகிறோம். மாப்பிள்ளை ஊர்வலத்தை ஆகாயத்திலிருந்து எடுத்து, பாட்டுப் போட்டு, முகநூலில் ஏற்றி, ஆயிரம் லைக் வாங்குகிறோம். அங்கே யாரும் "வீண் விரயம்" என்று குரல் பதிவு போட்டதாக எங்களுக்குத் தெரியாது. கட்டாரில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்த, யாரும் ஒரு சதமும் கட்டாத, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஹெலி மட்டும் விரயமாகி விட்டது. விசித்திரமான கணக்கு.

அந்த ஹெலியில் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா? கேட்கவில்லை. நாங்களே சொல்கிறோம்.

தாக்கமும் மறுதாக்கமும் சமனும் எதிரும் என்று விஞ்ஞானப் பாடத்தில் நியூற்றனின் மூன்றாம் விதி வருகிறது. எல்லாப் பிள்ளைகளும் பாடமாக்கி எழுதுவார்கள். மேலே உள்ள பெரிய இறக்கை ஒரு பக்கம் சுழன்றால் ஹெலியின் உடல் மற்றப் பக்கம் சுழலப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்தத்தான் வாலில் அந்தச் சின்ன இறக்கை இருக்கிறது என்பதை, வால் இறக்கை உடைந்த அன்று மைதானத்தில் ஹெலி பம்பரமாகச் சுற்றியபோதுதான் அவர்கள் கண்ணால் கண்டார்கள். அதற்குப் பிறகு அந்த விதியை யாரும் அவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஹெலி ஓட்டுவது சைக்கிள் ஓடுவது போலவும் இல்லை, ஃபோனில் கேம் விளையாடுவது போலவும் இல்லை. இடது கைப் பெருவிரல் ஏற்றி இறக்கும், மூக்கையும் திருப்பும். வலது கைப் பெருவிரல் முன்பின், இடம் வலம். நாலும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் மாறும். காரை விட்டால் நிற்கும். ஹெலியை விட்டால் நிற்காது. ஓரிடத்தில் சும்மா நிற்க வைப்பதற்கே விரல்கள் ஒவ்வொரு கணமும் வேலை செய்ய வேண்டும்.

பிள்ளைகள் முதலில் செய்யும் பிழை எல்லாருக்கும் ஒன்றுதான். ஹெலி கொஞ்சம் சரிந்தால் அளவுக்கு மிஞ்சித் திருத்துவார்கள். அது மற்றப் பக்கம் இன்னும் கூடச் சரியும். பிறகு இன்னும் பெரிதாகத் திருத்துவார்கள். மூன்றாவது தடவை தரையில் கிடக்கும். (எங்களில் இருவரும் அப்படித்தான் விழுத்தினோம். பெப்ரவரியிலிருந்து உடைந்த இறக்கைகளில் பாதி சேர்மாருடையது.) இரண்டாவது பிழை, பயத்தில் தரையோடு ஒட்டிப் பறக்கப் பார்ப்பது. இறக்கை கீழே தள்ளும் காற்று தரையில் பட்டுக் கலங்குவதால் அங்கேதான் ஹெலி கூடத் தடுமாறும். இடுப்பளவு உயரத்துக்குத் துணிந்து ஏற்றினால் அமைதியாகி விடும். இதைச் சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் துணிவைப் பிள்ளைதான் எடுக்க வேண்டும்.

நாங்கள் கண்டபடி தொடங்கவும் இல்லை. முதல் மூன்று வாரம் ஹெலியைத் தொட விடவில்லை. கம்பியூட்டர் அறையில் சிமுலேட்டர். அதன்பின் மண்டபத்துக்குள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு இறக்கை எதிரெதிராகச் சுற்றும் சின்ன ரகம். அது தன்பாட்டில் நிலையாக நிற்கும், ஆனால் வெளியே கொண்டுவந்தால் சின்னக் காற்றுக்கும் அள்ளுப்பட்டுப் போகும். பிறகுதான் ஒற்றை இறக்கை ஹெலி, மைதானம். சரியும்போது இறக்கை தரையில் அடிபடாமல் இருக்க மூங்கில் கீற்று இரண்டைக் குறுக்காகக் கட்டி, நுனிகளில் பிங்பொங் பந்து குத்திக் காலாகப் போட்டோம். புல்லில் வால் சிக்குவதால் பழைய பன்பாய் ஒன்றை விரித்து அதிலிருந்து எழுப்பினோம். பறக்கும்போது யாரும் ஐந்து மீற்றருக்குள் நிற்கக் கூடாது. ஆறு நிமிடத்துக்கு மணி வைத்து இறக்க வேண்டும், ஏனென்றால் லித்தியம் பெற்றரியை அடிமட்டம் வரை இறக்கினால் ஊதிப் பழுதாகும். ஊதிய பெற்றரியை ஒருவரும் சார்ஜில் போடக் கூடாது. ஆளில்லாத அறையில் எந்தப் பெற்றரியும் சார்ஜில் கிடக்கக் கூடாது. இதை எங்கள் பிள்ளைகள் வீட்டில் போய் வாப்பாமாருக்குச் சொல்கிறார்கள். இரவு முழுக்கத் தலையணைக்குக் கீழே ஃபோனை சார்ஜில் போட்டுத் தூங்கும் பெரியவர்கள் கொஞ்சம் கேட்டால் நல்லது.

ஜூலை விபத்துக்குப் பிறகு இன்னொரு சட்டமும் சேர்ந்தது. மூக்கு எந்தப் பக்கம் என்று ஒரு கணம் குழம்பினாலும் வேகத்தை இறக்கி விழுத்து. ஹெலி உடைந்தால் உடையட்டும்.

இப்போது எல்லாரும் மெதுவாகப் பேசும் விஷயத்துக்கு வருவோம். பலர் எங்களிடம் தனியாக வந்து சொன்னது இதுதான்: "சேர், நம்ம புள்ளைகள் வானத்துல ஒண்டப் பறக்க விட்டா வேற கண்ணாலதான் பாப்பாங்க. 2019 மறந்திட்டா?"

மறக்கவில்லை. அந்த ஏப்ரலுக்குப் பிறகு நம் வீடுகளில் நடந்த தேடுதல்களையும், உம்மாமார் புத்தக அலுமாரிகளைக் கிளறிப் பயந்த இரவுகளையும் நாங்களும் கண்டவர்கள்தான். அந்த மாதத்திலேயே நாட்டில் ட்ரோன் பறக்கவிடத் தடை வந்ததும் ஞாபகம் இருக்கிறது. எங்களிடம் உள்ள ஹெலியில் கமரா இல்லை. ஆனால் கமரா இல்லை, ஆகவே கேட்கத் தேவையில்லை என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆளில்லா விமானங்களுக்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன. அதனால் தொடங்கும் முன்னரே அதிபரின் கடிதத்தோடு பொலிஸுக்குப் போய், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு உயரம் என்று எழுதிக் கொடுத்தோம். ஒரு உத்தியோகத்தர் ஒருநாள் காலை வந்து பார்த்தார். வீதிப் பக்கம் வர விட வேண்டாம் என்றார். தன் மகனுக்கும் இதுபோல ஒன்று எங்கே வாங்கலாம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பயம் நியாயமானது. ஆனால் பயத்துக்கு மருந்து ஒளித்துக் கொள்வது இல்லை. கடிதம் எழுதி, கேட்டு, பகலில், எல்லாரும் பார்க்கச் செய்வது. நம் பிள்ளைகள் எதையும் தொடாமல் இருந்தால் சந்தேகம் வராது என்று நினைப்பவர்கள், பிறகு ஏன் நம் பிள்ளைகள் பொறியியல் பீடத்துக்குக் கூடுதலாகப் போகவில்லை என்று மேடையில் கேட்காமல் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் பேச முடியாது.

மேடை என்றதும் ஞாபகம் வருகிறது. "உலகில் முதன்முதலில் பறந்த மனிதர் ஒரு முஸ்லிம்" என்று அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் பற்றி மாதத்துக்கு ஒரு தடவையாவது நமது குழுமங்களில் பகிர்கிறோம். குரல் பதிவு போன அதே குழுமத்தில் அதற்கு நாலு நாளைக்கு முன்னரும் வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்தவர். அவர் பறந்ததை நூற்றாண்டுகள் கழித்து எழுதிய அல் மக்கரி, அவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டதையும் எழுதியிருக்கிறார். பறவைகள் வாலை ஊன்றித்தான் இறங்குகின்றன, இவர் தனக்கு வால் செய்து கொள்ள மறந்து விட்டார் என்று காரணமும் சொல்கிறார். நாம் பகிரும் படத்தில் சிறகு மட்டும்தான் இருக்கும். விழுந்தது இருக்காது. அவர் இன்று நமதூர் மைதானத்துக்கு வந்திருந்தால் முதல் தடவை விழுந்ததுமே சாவியைப் பறித்திருப்போம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு பேரில் மூவர் பெண் பிள்ளைகள். மூக்கு தன்னைப் பார்க்க ஹெலியை இரண்டு நிமிடம் ஆடாமல் நிறுத்திய முதல் ஆள் அவர்களில் ஒருவர், தரம் எட்டு. ஹெலி எந்தப் பக்கம் வழுகுகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, அது திரும்பி வரும் என்ற சூட்சுமத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். "பொம்புளப் புள்ளைக்கு இது எதுக்கு" என்று யாரோ அவருடைய உம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். "சும்மா இருக்கிறதுக்கு இது பரவாயில்ல" என்று உம்மா சொன்னாராம். இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

கடைசியாக ரியூசன். எங்களுக்கு எதிரான உண்மையான கோபம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். சனிக்கிழமை ஆறரைக்கு வகுப்பு. தரம் ஐந்து பிள்ளையும் போகிறது, சாதாரண தரப் பிள்ளையும் போகிறது. கச்சான் காலத்தில் காற்று அசையாமல் இருப்பது சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம்தான். வெயில் ஏறினால் முடிந்தது. எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு மணித்தியாலம், வாரத்தில் ஒரு நாள். அதைக் கூட விட்டுக் கொடுக்க முடியாத ஊரில்தான், பையன்கள் பிரதான வீதியில் முன் சில்லைத் தூக்கி மோட்டார் சைக்கிள் ஓடுகிறார்கள், ஐஸ் பழகுகிறார்கள், ஃபோனை விட்டுத் தலையை எடுக்கிறார்கள் இல்லை என்று கூட்டம் போடுகிறோம். மைதானத்தைப் பூட்டி வைத்துக் கொண்டு, பையன்கள் ஏன் வீதியில் நிற்கிறார்கள் என்று கேட்கிறோம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். கேட்டது மூன்று. சனிக்கிழமைகளில் ஆறு தொடக்கம் ஏழு வரை மைதானச் சாவி. கடல் பக்க மதிலோடு பறப்பதில்லை என்ற எங்கள் எழுத்து உத்தரவாதத்தை ஏற்றுக் கொள்வது. இன்னொரு குரல் பதிவு போடும் முன்னர் சங்கத்தில் ஒருவராவது ஒருநாள் வந்து பார்ப்பது. மூத்தம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு கதிரை போட வேண்டும்.

சாவி கிடைத்தால் வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணி. குரல் பதிவு போட்ட சகோதரரும் வரலாம், ரிமோட்டைக் கையில் தருகிறோம். கேற்றடியில் நிற்கும் வேப்பமரத்தில் இலை அசைந்தால் அன்று பறப்பு இல்லை, வந்தவர்களுக்கு பிளேன்டி மட்டும்.